கை குடுக்காமல் விட்ட ஒருத்தி

உளவியல் படிக்கிறவளுக்குக் கல்யாண வீடு சரிவராது. "நப்லா, என்ட மனசுல இப்ப என்ன இரிக்கி, சொல்லு பாப்பம்?" எண்டு கேக்காத பொம்பிளை கிண்ணியாவில இல்ல. "வட்டலப்பம் எப்ப திங்கக் கிடைக்கும் எண்டு" எண்டன். கொல்லெண்டு சிரிச்சாங்க. "இதுக்கா நாலு வருசம் கெம்பஸ்? கடைசியில என்ன வேல தருவாங்க, பைத்தியம் பாக்கிறதா?" எண்டா இன்னொருத்தி. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோர்ட் எண்டு எல்லா இடத்திலயும் எங்களுக்கு வேலை இருக்கு எண்டு சொல்ல வாயெடுத்தன். உம்மா முறைச்சா, விட்டிட்டன்.

உள்ள வந்தவள் வரிசையில இருக்கிற எல்லாப் பொம்பிளையளுக்கும் கை குடுத்துச் சலாம் சொல்லோணும். அப்பிடியே கதிரை கதிரையாப் போனன். நடுவில ஸல்ஹா, மடியில கைக்குழந்தை, பக்கத்தில மாமியார் பரீனா.

திருகோணமலை டவுனில நான் பயிற்சி எடுக்கிற ஆலோசனை நிலையத்துக்கு வாறவதான் ஸல்ஹா. புள்ள பிறந்ததில இருந்து நித்திரை இல்ல, ஒரே அழுகை. டவுனில தையல் கிளாஸ் எண்டு வீட்டில பொய் சொல்லிட்டு பஸ் ஏறி வாறா. தெரிஞ்சா, 'பைத்தியத்திட்ட புள்ளையை விட ஏலாது' எண்டு மாமி பறிச்சிருவா எண்ட பயம் அவவுக்கு. எங்கட தொழிலில ஒரு சட்டம்: எங்களிட்ட வாறவங்களை வெளியில கண்டா, நாங்களாத் தெரிஞ்ச மாதிரிக் காட்டக்கூடாது. அந்தச் சட்டம் நினைவு வர, ஸல்ஹாவைத் தாண்டி அடுத்தவட கையைப் பிடிச்சன்.

அறிவு கெட்டவள் நான்! எல்லாருக்கும் கை குடுத்தவள் ஒருத்தியை மட்டும் விட்டா ஊர் பாக்காதா?

"நில்லு புள்ள," எண்டா பரீனா மாமி. "என்ட மருமகளுக்கு மட்டும் சலாம் இல்லையா? உங்களுக்குள்ள என்ன?"

"பள்ளிக்கூடத்தில ஒரு சண்டை, மாமி..." எண்டு இழுத்தன்.

"அவள் மூதூர்ல படிச்சவள். நீ கிண்ணியா."

மாமி என்னைப் பாத்தா, ஸல்ஹாவைப் பாத்தா, திரும்ப என்னைப் பாத்தா. நான் டவுனில எங்க போறன் எண்டு ஊருக்கே தெரியும்.

"அப்ப அந்தத் தையல் கிளாஸ்..." எண்டா மெல்ல.

அல்லாஹ்வே, இன்னொரு பொய்யாவது வாயில வராதா எண்டு தவிச்சன். ஸல்ஹா முந்திட்டா.

"நான் இவவிட்டத்தான் போறனான், மாமி. நித்திரை இல்லாமச் சாகப் பாத்தன். இப்ப கொஞ்சம் நித்திரை வருது."

மாமி ரெண்டு கையையும் நீட்டினா. "புள்ளையத் தா."

ஸல்ஹாவுக்காகக் கதைக்கோணும் போல இருந்தது எனக்கு. அவட கதையை அவதான் சொல்லோணும் எண்டு விட்டிட்டன்.

அவ புள்ளையை நெஞ்சோட இறுக்கினா. "ஏலாது மாமி. புள்ளைக்குப் பசிக்குது" எண்டு சொல்லிட்டு, நீட்டின அந்தக் கைகளுக்கு முன்னாலயே முக்காட்டை இழுத்து மூடிப் பால் குடுக்கத் தொடங்கினா.