தடை இருக்கு, சாமி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து விழவில்லை. ஒரு ஆம்ப்ளிபயர் இரைந்ததால் கிடைத்தது.

எனக்குப் புதுக்கோட்டையில் மைக் செட் கடை. (தொண்டைமான் புதுக்கோட்டை இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி ரோட்டில் ஏறியதும் வருகிற புதுக்கோட்டை. இதைச் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது.) திரேஸ்புரம் பக்கம் கடலோரத்தில் ஒரு மாதா கோயிலில் ஸ்பீக்கர் இரைகிறது என்று கூப்பிட்டார்கள். பூசை நேரத்தில் மட்டும்தான் இரைகிறதாம், மற்ற நேரம் சமர்த்தாக இருக்கிறதாம். வேறு வழியில்லாமல் பூசை நேரத்திலேயே போய்ப் பாடகர் குழுவுக்குப் பின்னால் ஒயர்களோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழுவில் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள் மரியசெல்வி. அவள் கையில் இருந்த மைக்கை ஆன் செய்து வைத்தவன் நான்.

நான் சுடலைமாடனைக் கும்பிடுகிறவன். அவ்வப்போது கதையும் எழுதுவேன். இரண்டும் தெரிந்திருந்தும், சாத்தான்குளத்தில் என்னோடு படித்த கிருபை, தன் சபை நடத்துகிற மாதப் பத்திரிகைக்கு என்னிடம் கதை கேட்டாள். புறக்கணிக்கப்பட்ட ஒருத்தி விசுவாசத்தால் குணமாக வேண்டும், அதுதான் பொருள்.

"கடைசி வரி 'அவள் குணமடைந்தாள்'னு முடியணும் பாண்டி. மத்ததெல்லாம் ஒன் இஷ்டம்" என்றாள்.

என் இஷ்டமாம். அந்த ஒரு வரி என் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கடல் அலைகள் கரையில் மோதிக்கொண்டிருந்தன. மரியசெல்வியின் மனத்திலும்" — இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருந்தது. அவள் துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டு அடித்துக் கொடுக்கிறவள். வேலை நாளில் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அவளும் லீவு போட வேண்டும்.

"அவன் வேண்டாம் என்று சொன்னபோது உலகமே" — உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கும் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன.

சரி, நேராகவே சொல்கிறேன். கத்தோலிக்கர் வீட்டில் கல்யாணம் என்றால் அதற்கு முன்பு கோயிலில் மூன்று ஞாயிறு 'ஓலை' வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச்சாமியிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் சொல்வார். சடங்குதான். பூசை முடிகிற நேரம், எல்லாரும் மனதுக்குள் செருப்பைத் தேடத் தொடங்கியிருப்பார்கள். யாரும் தடை என்று எழுந்து நின்றதில்லை.

மாப்பிள்ளை செல்வின். அதே கோயில் பங்கைச் சேர்ந்தவன், துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வருகிற டக் படகில் வேலை. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதற்கு முன்னால் மரியசெல்வியின் வாட்ஸ்அப்பில் அவன் குரல் வந்தது.

"மனசு ஒட்டல மரியா. ஒம்மேல ஒரு குறையும் இல்ல. ஒட்டல, அவ்வளவுதான்."

(கிருபைக்காக இந்த செல்வினைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். குடிக்க வைத்தேன், சரியாக வரவில்லை. வேறொருத்தியைக் கொண்டுவந்தேன், அதுவும் பொய்யாக இருந்தது. அவன் வெறுமனே மனசு ஒட்டாத ஒருத்தன். திட்டுவதற்குக்கூட வசதியில்லாத ஒரு ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன கதை எழுதுவது?)

3

மரியசெல்வி அந்தக் குரலை எடைமேடை அறையில் கேட்டாள். (இதெல்லாம் பிறகு அவளே சொன்னது.) லாரிக்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். சீட்டை அடித்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்டாள். குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அது என்ன குறை என்றாவது யோசிக்கலாம். ஒரு குறையும் இல்லாமல் ஒருத்தியை ஒருவனுக்குப் பிடிக்காமல் போகும் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவளைக் கழித்துவிட்ட இடத்தில் காரணம் என்று எதுவுமே இல்லை.

வீட்டில் சொன்னாள். அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா திட்டம் போட்டாள்.

"சாமிகிட்ட மூச்சு விடாத. மூணாவது ஓலையும் வாசிக்கட்டும். ஊரறிய மூணும் வாசிச்ச பெறவு அவன் எங்க போவான்? மாமாவும் நானும் போய்ப் பேசி முடிச்சிருதோம்."

"மனசு ஒட்டாதவன ஓலைய வச்சு ஒட்டப் போறியளாம்மா?"

"ஏளா, வாய மூடு. கல்யாணம் ஆனா எல்லாம் ஒட்டும்."

மரியசெல்வி கடற்கரைக் குருசடிக்குப் போனாள். அங்கே சுண்ணாம்பு அடித்த ஒரு குருசும், எரிந்து முடிந்த மெழுகுவர்த்திகளும்தான் உண்டு. பக்கத்தில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்தவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பேசினார்கள். அவள் முழங்காலில் நிற்கவில்லை. நின்றபடியே சண்டைக்காரி மாதிரிக் கேட்டாள்.

"சேசுவே, ஒமக்காவது எம்மேல மனசு ஒட்டியிருக்கா?"

பதில் வரவில்லை.

[இந்த இடத்தில் கிருபை ஓரமாக எழுதியிருக்கிறாள்: "தேவன் இங்கே பதில் கொடுத்தால் நன்றாக இருக்கும். சேசு அல்ல, இயேசு." (கத்தோலிக்கர் வாயில் சேசு என்றுதான் வரும்.) சரி, பதில் கொடுக்கட்டும். எந்தத் தமிழில்? "மகளே, கலங்காதே" என்றால் மரியசெல்வி யாரோ ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள். "ஏளா, நான் இருக்கேம்லா" என்றால் கிருபை அச்சில் போடமாட்டாள். ஆகவே அவர் பேசவில்லை.]

4

ஞாயிற்றுக்கிழமை. நற்கருணை கொடுத்து முடிந்தது. முத்துச்செல்வம் சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிவிப்புகளை எடுத்தார். ஸ்பீக்கர் அன்றைக்கென்று துளி இரைச்சல் இல்லாமல் வேலை செய்தது. எதற்காக என்னைக் கூப்பிட்டார்கள் என்று எரிச்சலோடு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

செல்வின் பெயர் வந்தது. மரியசெல்வி பெயர் வந்தது. "மூன்றாம் முறையாக" என்றார் சாமியார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்..."

"தடை இருக்கு, சாமி."

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாளாம். மைக் ஆனில் இருந்தது. வெளியே கோபுரத்தில் கட்டிய ஸ்பீக்கர் வழியாக அந்தச் சொல் மீன் ஏலம் போடுகிற இடம் வரைக்கும் போயிருக்கிறது.*

முத்துச்செல்வம் சாமி கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா அது?"

"நாந்தான் சாமி. பொண்ணு."

"என்ன தடை?"

"மாப்பிளைக்கு மனசு ஒட்டலயாம். வீட்டுல பேசி ஒட்ட வைக்கப் பாக்காவ. எனக்கு அது வேண்டாம்."

அம்மா முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். சாமியார் காகிதத்தை மடித்து அங்கிக்குள் வைத்தார். "நல்லது. எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று சொல்லி இறுதி ஆசீர் கொடுத்தார்.

ஆசீர் முடிந்தால் மாதா பாட்டு. அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் மரியசெல்விதான். ஓடிப்போயிருக்கலாம். ஓட வழியில்லாமல் ஒயர்களோடு நான் குறுக்கே உட்கார்ந்திருந்தேன். அவள் பாட்டை எடுத்தாள். பதற்றத்தில் சுருதி எங்கோ மேலே போய்விட்டது. கீபோர்டு வாசிக்கிற மிக்கேல் மாமாவின் விரல்கள் அவளைத் தேடித் தேடித் தடுமாறி, ஒருவழியாக அங்கே போய்ச் சேர்ந்தன. அந்த உயரத்தில் மனிதர்கள் பாட முடியாது. சுருதியை இறக்கிக்கொண்டு பாடலாம், அல்லது வாயை மட்டும் அசைக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கோயில் மொத்தமும் அவளுடைய சுருதிக்கே ஏறி வந்தது. கடைசி வரிசை ஆண்கள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள், குரல் உடைந்தது, உடைந்த குரலோடு அடுத்த சரணத்துக்கும் வந்தார்கள். கேட்பதற்கு அவ்வளவு நாராசம். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. ஆனாலும் வாயைத் திறந்திருந்தேன்.

* தொழில்முறையில் எனக்கு இது பெருமைதான். கதையில் பெருமைக்கு இடமில்லை என்பதால் இங்கே கீழே வைக்கிறேன்.

5

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் கிருபை, போனில். "ஆனா குணமானாளா, இல்லயா?"

"பாட்டு எழுதியிருக்கேன்லா."

"பாட்டு சரி பாண்டி. சாட்சி எங்க? படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை வேண்டாமா?"

அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு, அதனால்தான் கூடுதலாகக் கோபம் வந்தது. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) செல்வின் மனம் திருந்தி மழையில் நனைந்தபடி வருகிறான். தூத்துக்குடியில் மழை. நம்புகிறவர்கள் நம்பலாம்.

(ஆ) மரியசெல்வி மடத்தில் சேர்ந்து சிஸ்டர் ஆகிறாள். ஒருவன் வேண்டாம் என்றதற்காக ஒருத்தியைக் கடவுளிடம் தள்ளிவிடுவது கடவுளுக்கு மரியாதையாக எனக்குப் படவில்லை.

(இ) மஸ்கட்டில் வேலை பார்க்கும் என்ஜினியர் ஒருவர் அந்தப் பாட்டை யூடியூபில் கேட்டு — வேண்டாம். அந்தச் சுருதியைக் கேட்டுவிட்டு யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு நேராக எடைமேடைக்குப் போய்விட்டேன். கதாபாத்திரத்திடமே கேட்டுவிடுவது மேல்.

6

அவள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே விட்டு விட்டுப் படித்தாள். சரியாக விஷயத்துக்கு வருகிற வரியில் ஒரு டிரைவர் வந்து நிற்பார்.

"குருசடியில அவர் பேசலன்னு எழுதியிருக்கிய. அது சரிதான் அண்ணாச்சி."

"பெறகும் பேசலயா?"

"பேசல. ஆனா அந்தக் கடைசி வரிசைக்காரவ தொண்டயக் கிழிச்சிட்டு மேல வந்தாவல்லா, அப்ப எனக்கு ஒண்ணு தோணிச்சி. நா தப்பாத்தான எடுத்தேன்? திருத்திருக்கலாம், விட்டுட்டுப் போயிருக்கலாம். தப்பா எடுத்தவள விட்டுட்டுப் போவாம அவ இருக்க எடத்துக்கே வந்தாவ. சேசுவும் அப்படி வந்தவர்தான. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அழுதேன். அவருக்கு எம்மேல மனசு ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சிட்டு."

"அப்பம் குணமாயிட்டன்னு எழுதிரட்டா?"

"அவன் டக் சத்தம் கேட்டா இன்னும் எடைச் சீட்டத் தப்பா அடிச்சிருதேன். அத என்னன்னு எழுதுவிய?"

நான் பேனாவை மூடினேன். பிறகு அவளே சிரித்துக்கொண்டு இன்னொன்று சொன்னாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு யார் ஓலை வாசித்தாலும், 'தடை' என்ற சொல் வந்ததும் கோயில் முழுக்கப் பாடகர் குழுவைத் திரும்பிப் பார்க்கிறதாம். முதலில் செத்துப் போகலாம் போல இருந்ததாம். ஒரு நாள் முத்துச்செல்வம் சாமியும் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்திருக்கிறார். அவள் எரிச்சலோடு, இல்லை என்று தலையை ஆட்டியிருக்கிறாள். "தடை இல்லை" என்று சாமியார் சிரிக்காமல் சொல்ல, கோயிலே சிரித்திருக்கிறது. அவளும் சிரித்துவிட்டாள். இப்போது அது வழக்கமாகிவிட்டது. கல்யாணம் நிச்சயமானவர்கள் முந்தின நாளே வந்து, "அக்கா, நாளைக்கு எங்க ஓலை. மறக்காம தலைய ஆட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இதோ கிடைத்துவிட்டது முடிவு என்று எழுந்தேன். சாட்சி, நம்பிக்கை, சிரிப்பு எல்லாம் இருக்கிறது. கிருபையின் வரியையும் ஒட்டவைத்துவிடலாம்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றாள் மரியசெல்வி. "வார ஞாயித்துக்கெழம செல்வின் ஓலை. மொத ஓலை. பொண்ணு மணப்பாட்டுக்காரி."

லாரி ஒன்று மேடையில் ஏறியது. அவள் எடையைப் பார்த்தாள், சீட்டு அடித்தாள், கொடுத்தாள்.

"சாமி ஒன்னயப் பாப்பாரே."

"பாக்கத்தான செய்வாரு. பாக்காம விட்டா அதவிடக் கேவலம்."

"என்ன செய்வ?"

"தெரியல."

"மன்னிச்சிட்டன்னு வச்சிக்கிடலாமா? கதைக்குத்தான் கேக்கேன்."

"ஒரு நா மன்னிச்சிருக்கு, மறுநா இல்ல. ஞாயித்துக்கெழம எந்த நாளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பம் நா எதத்தாம்மா எழுத?" என்று கத்தியேவிட்டேன். வெளியே டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"பாட்ட எழுதுங்க. நா அதத்தான் யோசிச்சிட்டு இருக்கேன். தலைய ஆட்டுதனோ இல்லயோ, பெறகு பாட்டு நாந்தான எடுக்கணும். பதறிட்டா மறுபடியும் மேல எடுத்திருவேன். பாவம், அந்தக் கடைசி வரிசைக்காரவ."

7

இன்று வெள்ளிக்கிழமை. இதழ் நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. கிருபை காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறாள். ஞாயிறுக்குப் பிறகு தருகிறேன் என்றேன், அச்சாபீஸ் காத்திருக்காது என்றாள்.

அவள் கேட்ட வரியை எழுத உட்கார்ந்தேன். "அவள் குணம" வரைக்கும் வந்துவிட்டேன். மிச்சத்தை எழுதுகிற உரிமை எனக்கு இல்லை. இப்படியே அனுப்புகிறேன். இந்தக் கதை இப்படி நிற்பதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் கிருபையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். என்னிடம் வர வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே ஒயர்களோடு இருப்பேன். ஸ்பீக்கர் மறுபடி இரைகிறது என்று நானே சாமியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முடிவு வேண்டுகிறவர்கள் வந்து கடைசி வரிசையில் நில்லுங்கள். அவள் தலையை ஆட்டுவாளா மாட்டாளா என்று கழுத்தை நீட்டிப் பார்க்காதீர்கள், அது அவள் பாடு. ஆனால் பாட்டை மேலே எடுத்துவிட்டால் மட்டும் தயவுசெய்து சும்மா நிற்காதீர்கள். பாட்டு தெரியாது என்று சொல்லாதீர்கள். எனக்கும் தெரியாது.