ஒன்று கூட வெளியே போகக் கூடாது

பொன்னழகுக்கு நான்கு அயல்நாட்டு மொழிகள் தெரியும். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ருஷ்யன். நான்கிலும் படிப்பார், ஒன்றிலும் பேசியதில்லை. தமிழையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்பாள் அவர் மனைவி அன்னக்கிளி.

சிவகங்கையில் அரசாங்க உத்தியோகம், காரைக்குடியில் வீடு. பஸ்ஸில் மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்கிய நேரத்தில் இவர் அகராதியைப் பிளந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்துப் பஸ் குலுக்கலில் நான்கு மொழிகள் உள்ளே இறங்கிவிட்டன. அதில் பொய்யே கிடையாது. பொய் இல்லாததால்தான் அவரைச் சகித்துக்கொள்வது அத்தனை சிரமமாக இருந்தது.

கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது ஒரு ருஷ்ய நாவலைப் படித்ததாகச் சொல்லிவிட்டால் போதும். "எதுல? தமிழ்லயா?" என்பார். ஊசிப்போன சாம்பாரைச் சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிற முகம். "மொழிபெயர்க்கிறவன் பூராம் பொய்யனுங்க. ஒருத்தன் மென்னதை இன்னொருத்தன் திங்கிறதா?" கேட்டவர் ரசத்துக்கு இலையைக் குழித்துக்கொண்டு அங்குட்டுத் திரும்பிவிடுவார். இப்படியே, காரைக்குடியில் அவரோடு புத்தகம் பேச ஆளில்லாமல் போயிற்று.

இரவலும் கொடுக்க மாட்டார். பக்கத்து வீட்டு துர்காதேவி கல்லூரியில் பிரெஞ்சு எடுத்தபோது ஒரு கதைப் புத்தகம் கேட்டு வந்தாள். "கையைக் கழுவிட்டு வந்து இங்கனக்குள்ளயே உக்காந்து படி. வெளிய போகக் கூடாது" என்றார். கையைக் கழுவப் போனவள் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆனாலும் அவருக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. ஸ்பானிஷில் ஒரு பழைய நாவல். உப்பளத்துக்காரன் ஒருவனின் விதவை பக்கம் பக்கமாகத் துறைமுகத்தில் காத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் கப்பல் ஏறினாளா, ஏறியதாக நினைத்துக்கொண்டாளா? எத்தனை தரம் படித்தும் பிடிபடவில்லை. அந்த மொழியில் பிறந்து வளர்ந்து, அந்தக் கதையையும் படித்த ஓர் ஆளைப் பார்த்துக் கேட்டுவிட்டால் போதும், பிறகு கண்ணை மூடலாம் என்று இருந்தார்.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அன்னக்கிளி புத்தக அறை வாசலில் நின்றாள்.

"வர்ற புள்ளைக்கு இந்த ரூமுதான். பீரோவும் கட்டிலும் வருது. இத எப்ப ஒழிக்கப் போறீக?"

"ஒழிக்கிறதா? இது என்னன்னு தெரியுமாடி ஒனக்கு?"

"தெரியும். கரையான் தின்னது போக மிச்சம். அந்தக் கரையானாவது நாலு பாஷையையும் ருசி பாத்துச்சு. நீக எனக்கு ஒத்தக் கதை சொல்லியிருக்கீகளா?"

பொன்னழகு ஜெர்மன் அகராதியை எடுத்துத் தூசி தட்டினார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சிவபிரகாஷ். தச்சர் குடும்பம். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த செட்டியார் வீடொன்றைக் குத்தகைக்கு எடுத்து, வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டலாக்கியிருந்தார். கல்யாணச் சீர் போலப் பித்தளைச் சாமான்களை முகப்பில் பரப்பி வைத்திருந்தார். வந்தவர்கள் நினைவாகச் சிலதைப் பையில் போட்டுக்கொண்டு போனதிலிருந்து, குத்துவிளக்கு முதல் குங்குமச் சிமிழ் வரை எல்லாவற்றையும் பலகையோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்.

"நம்ம ஓட்டலுக்கு ஒரு லைப்ரரி வேணும் சார். ஒங்க புத்தகத்தக் குடுங்க. பித்தளையில ஒங்க பேரு போட்டுர்றேன். உலகத்துல உள்ளவுக பூராம் வந்து பாப்பாக."

பேர்ப்பலகை என்றதும் பொன்னழகின் முதுகு நிமிர்ந்தது. பிறகு அந்தக் கேள்வியும் ஞாபகம் வந்தது. ஸ்பெயின்காரன் வருவான், அர்ஜென்டினாக்காரன் வருவான். ஒருத்தன் கூடவா அந்தக் கதையைப் படித்திருக்க மாட்டான்?

"குடுக்குறேன். ஆனா ஒண்ணு. ஒத்தப் புத்தகம் கூட வெளிய போகக் கூடாது."

"சார், அந்தக் கவலைய எங்கிட்ட விட்டுருங்க."

அன்னக்கிளி அன்றைக்கே அந்த அறைக்கு வெள்ளையடிக்க ஆள் கூட்டி வந்தாள்.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து சிவபிரகாஷ் போன் செய்தார். அர்ஜென்டினாவிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்களாம். பொன்னழகு குளித்து, சலவை வேட்டி கட்டி, பஸ் ஏறினார். வழி முழுக்க அந்தக் கேள்வியை ஸ்பானிஷில் முணுமுணுத்துக்கொண்டே போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஓட்டல் கூடத்தில், பித்தளையில் அவர் பெயர் மின்னியது. கீழே தேக்கு அலமாரியில் புத்தகங்கள், மகனின் கல்யாண போட்டோவில் நின்றவர்களைப் போல, உயரப்படி நின்றன. அந்த ஸ்பானிஷ் நாவலைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். மொத்த வரிசையும் சேர்ந்து முனகியது.

"இழுக்காதீக சார், வராது!" சிவபிரகாஷ் பெருமையோடு ஓடி வந்தார். "ஒவ்வொரு புத்தகத்துலயும் அடி மூலையில ஓட்டை போட்டு, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் மரை வெட்டின இரும்புக் கம்பிய விட்டிருக்கேன். ரெண்டு பக்கமும் நட்டு. பேப்பர்ல டிரில்லு இறக்குறது எம்புட்டுச் சிரமம் தெரியுமா? சூட்டுல பொகையே வந்துருச்சு. எந்தப் பய வந்தாலும் ஒண்ண எடுக்க முடியாது. நீங்க சொன்ன சொல்லு!"

பொன்னழகு குனிந்து பார்த்தார். கம்பி பிரெஞ்சில் நுழைந்து, ஜெர்மனையும் ஸ்பானிஷையும் துளைத்து, ருஷ்யனில் வெளியே வந்திருந்தது. யாரைத் திட்டுவது? சொன்னது அவர். செய்தவன் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்த இரண்டு பெண்களும் கூடத்துக்குள் வந்தார்கள். மூத்தவள் அலமாரியை மேலோட்டமாகப் பார்த்தபடி நடந்தாள். சட்டென்று நின்றாள். அந்த நாவலின் முதுகைத் தொட்டாள். விரலை மேலே கொடுத்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு தோழியிடம் தன் மொழியில் சொன்னாள்:

"பொம்மை. வெறும் அட்டை. பார், இந்தக் கதை! சின்ன வயதில் இதன் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. இந்த வீட்டில் யாரும் எதையும் படித்ததில்லை போலிருக்கிறது."

ஒவ்வொரு சொல்லும் பொன்னழகுக்குப் புரிந்தது. பஸ்ஸில் தயார் செய்த கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. கேட்டால், புத்தகம் நிஜம் என்று சொல்ல வேண்டும். நிஜமென்றால் யார் இதில் துளை போடச் சொன்னது என்று அவள் கேட்பாள். மேலே பித்தளையில் பெயர் வேறு இருந்தது.

அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் அலமாரியை ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"அந்தம்மா என்ன சார் சொல்லுச்சு? ஒங்களுக்குத்தான் புரியுமே."

"ரொம்ப அழகா இருக்காம்" என்றார் பொன்னழகு. வாழ்க்கையில் அவர் செய்த முதல் மொழிபெயர்ப்பு.

"நாந்தான் சொன்னேன்ல!" சிவபிரகாஷ் பூரித்துப் போய், அவள் இழுத்ததில் லேசாகத் தளர்ந்திருந்த நட்டை விரலாலேயே முடுக்கினார்.