கோட்டுப் பைக்குள் சிலுவை

"வெளிநாட்டுக்காரங்க அந்தப் பக்கம், பெரியம்மா" என்றான் பள்ளிவாசலின் நுழைவாயிலில் நின்ற காவலாளி.

எவாந்தியாவுக்குச் சுருக்கென்றது. "யாருப்பா வெளிநாட்டுக்காரன்? இவன் என் கூடப் பொறந்த தம்பி. ரெண்டு தெரு தள்ளிதான் பொறந்தான். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தச் சுவத்துல பந்தடிச்சவன்!"

"அடிச்சிருக்கட்டும். பாஸ்போர்ட் கிரேக்கத்துதுதானே? டிக்கெட் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. உங்களுக்கு வேணாம்."

தம்பி பந்தெலி தலையாட்டிவிட்டு வரிசையில் போய் நின்றான். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் எரிந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், கிரேக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த குற்றத்துக்காக அப்பாவை இஸ்தான்புல்லை விட்டே துரத்தினார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன பொடியன்தான் இவன். துருக்கிக் குடியுரிமை இருந்ததால் அம்மாவும் அவளும் இங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மா செத்தபோதுகூட இவனுக்கு விசா கிடைக்கவில்லை. இப்போது எழுபதைத் தாண்டி, நோயுற்ற இதயத்தோடு, ஒரே ஓர் ஆசைக்காக வந்திருக்கிறான். அம்மா நின்ற இடத்தில் நின்று அவளுக்காக ஒரு சிலுவைக் குறி போட வேண்டும். நாளைக்கு ஏதென்ஸுக்கு விமானம்.

இந்தக் கட்டடம் முதலில் மாதா கோயில், பிறகு பள்ளிவாசல், இவர்கள் சின்ன வயதில் அருங்காட்சியகம், இப்போது மறுபடியும் பள்ளிவாசல். பலகைதான் மாறிக்கொண்டே இருந்தது. பள்ளிவாசலானதிலிருந்து, உள்ளே சிலுவை போடக் கூடாது என்பது மட்டும் மாறவே இல்லை. அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். நவம்பரில் மாதாவின் திருநாளன்று கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு, டிக்கெட் எடுத்து, ஊர் பார்க்க வந்தவளைப் போல அண்ணாந்து நிற்பாள். கோட்டுப் பைக்குள் மூன்று விரல்கள் சேர்ந்து மேலும் கீழும் குறுக்குமாகப் போய்வரும். அந்தத் தெருக்களின் கிரேக்கக் குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான். பிள்ளைகளுக்கும் அதையே பழக்கினார்கள்.

உள்ளே, நிலைவாசலுக்கு மேலே, பொன் சில்லுகள் பதித்த ஓவியத்தில் மாதா அப்படியே இருந்தாள். கீழே ஒருவன் உதட்டைக் குவித்து அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி தரையில் மல்லாந்து கிடந்தாள், படம் நன்றாக வரவேண்டுமாம். எவாந்தியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மாவுக்காக முணுமுணுக்கத் தொடங்கினாள். எங்கிருந்தோ அதே காவலாளி முளைத்தான்.

"பெரியம்மா, பாருங்க, படம் எடுங்க. அதெல்லாம் இங்க வேணாம்."

"எதெல்லாம்?"

"வாய் அசையுதே."

"அவன் பண்ற கோமாளித்தனம் உன் கண்ணுல படல, என் வாய் அசையறதுதான் படுதா?"

"அவங்க சும்மா பார்க்க வந்தவங்க. சட்டம் அப்படி, என்கிட்ட ஏன் சண்டைக்கு வர்றீங்க?" என்று சொல்லிவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

பொறுமிக்கொண்டே திரும்பியவள் தம்பியைப் பார்த்தாள். பந்தெலி அண்ணாந்து நின்றிருந்தான். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அவனுடைய கோட்டுப் பை அசைந்துகொண்டிருந்தது.

ஏதென்ஸில் பஸ்ஸில் போகும்போது கோயில் தெரிந்தாலே ஊரறியச் சிலுவை போடுகிறவன்! காவலாளி மேல் வந்த கோபம் அம்மா மேல் பாய்ந்தது, பிறகு இத்தனை வருஷம் இதே பைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்த தன் மேலேயே பாய்ந்தது.

"பந்தெலி, கையை வெளிய எடு."

"அக்கா, அவன் நம்மளையே பார்க்கறான்."

"பார்க்கட்டும். எடுடா!"

"நான் நாளைக்குப் போயிடுவேன். நீதானே இங்க இருக்கணும்?"

"ஆமா, நான்தான் இருக்கணும். அதுக்குத்தான் சொல்றேன், எடு."

அவளே முதலில் கையை வெளியே எடுத்தாள். நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள். அவசரப்படவில்லை. பந்தெலியின் கை பையிலிருந்து தயங்கித் தயங்கி வந்து நெற்றியைத் தொட்டது. காவலாளி ஓடி வந்து சேர்வதற்குள் தம்பியின் கை இடது தோளுக்குப் போய்விட்டது.

"பெரியம்மா, என்ன பண்றீங்க!"

"போட்டாச்சு" என்றாள் எவாந்தியா. "வேணும்னா வெளிய அனுப்பு. இவனைப் பத்து வயசுலயே அனுப்பினவங்கதானே நீங்க."