மண்ணுக்குக் கழிவு

தை மாதத்தில் பிக்கப் வண்டி விற்பது ஒரு வேலையே இல்லை. ஷோரூம் கதவைத் திறந்து வைத்தால் போதும். மலையிலிருந்தும் கீழேயிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். கையில் மாலை, எலுமிச்சம்பழம், கூடவே ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம். ராகுகாலம் தொடங்குவதற்குள் சாவியை வாங்கிவிட வேண்டும் என்று தவிப்பவர் எங்கே விலை பேசுவார்? நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். அப்புறம் நேராக அடிவாரத்தில் வண்டிக்குப் பூஜை. பழனியில் இந்த ஷோரூமில் நான் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறது.

மார்கழியில் ஈ காக்காய் எட்டிப் பார்க்காது. மார்கழியில் புது வண்டி எடுத்தால் விளங்காது என்று எவனோ எப்போதோ சொல்லிவைத்தான். அவனை நான் வருஷா வருஷம் திட்டுவேன். எனக்குச் சம்பளம் என்று ஏதோ தருவார்கள், அது வாடகைக்குச் சரியாகப் போய்விடும். வண்டிக்கு வண்டி வருகிற கமிஷன்தான் வீட்டில் சோறு. போதாக்குறைக்கு மேனேஜர் குமரகுரு தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டு, யார்டில் தூசி படிந்து நிற்கும் வண்டிகளைக் காட்டி ஒரு பாட்டம் கத்துவார். டிசம்பர் முடிந்தால் அவையெல்லாம் போன வருஷத்து வண்டி ஆகிவிடும். அவருக்கும் மேலே இருந்து யாரோ கத்துவார்கள் போலிருக்கிறது.

அப்படி ஒரு டிசம்பர்க் கடைசியில்தான் சத்தியபிரியா வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, கையில் ஒரு மஞ்சள் பை. பின்னால் அவளுடைய மாமனார் சோலைமுத்து, குல்லாவைக் கழற்றாமல் வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். ஊர் கவுஞ்சி என்றார்கள். இருட்டோடு கிளம்பி, கொடைக்கானலில் பஸ் மாறி இறங்கியிருக்கிறார்கள்.

"மார்கழியில வந்திருக்கீங்களேம்மா," என்றேன், வாயெல்லாம் பல்லாகிவிடாமல் பார்த்துக்கொண்டு.

"அதான் வந்தேண்ணே. தையில வந்தா உங்களுக்குப் பேச நேரம் இருக்காதுல்ல," என்றாள்.

பேசத் தெரிந்த ஆள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

யார்டுக்குப் போய் நான்கு வண்டிகளைச் சுற்றி வந்தாள். ஒன்றில் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்துப் பார்த்தாள். வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டேன். "அவுக தோட்டத்துல தண்ணி பாச்சுறாக. விலை பேசுற சோலி உனக்குத்தான் வரும், போன்னுட்டாக. லைசென்சும் என்கிட்டதான் இருக்கு," என்றாள்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் மொத்த விலையைச் சொன்னேன். பதினோரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அவள் முகம் மாறவில்லை.

"பேங்க்கு லோனும் கையில இருக்கிறதும் சேத்து பத்தரை லட்சம்ணே. அதுக்கு மேல வேணும்னா மண்டிக்காரர்கிட்டதான் கை நீட்டணும். அவரு குடுப்பாரு. குடுத்தா எங்க பூண்டுக்கு அவரு சொல்றதுதான் விலை. இப்பவே அப்படித்தான் கெடக்கு. மேல வர்ற வாடகை வண்டி அவரோடது. போன மழையில கேரட்டப் பிடுங்கி மூட்டை கட்டி ரோட்டோரத்துல காத்துக் கெடந்தோம். வண்டி வரல. அழுகுனதுக்கு அப்புறம் வந்து, அழுகலுக்கு உள்ள விலையப் போட்டாரு. அவரு காச வாங்கி அவருகிட்ட இருந்து தப்பிக்க முடியாதுல்ல?"

கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. மறைத்து வைத்துத்தான் எல்லாரும் பேசுவார்கள். இவள் சொன்னதில் மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் நான் விற்க வந்தவன். "விலையெல்லாம் கம்பெனி போடுறதும்மா, நம்ம கையில என்ன இருக்கு," என்று வழக்கமான பாட்டைப் பாடினேன்.

அவள் மஞ்சள் பையிலிருந்து ஒரு பூண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். காய்ந்த தண்டுத் தாளோடும் மண்ணோடும் இருந்த மலைப்பூண்டு. ஏசி அறை முழுக்க வாசனை எழுந்தது.

"இத நாங்க மண்டிக்குக் கொண்டு போனா மொதல்ல கழிவுதாண்ணே பேசுவாங்க. மண்ணுக்குக் கழிவு, தாளுக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு. எல்லாங் கழிச்சு மிச்சத்துக்குத்தான் விலை. நாங்களும் ஒத்துக்கிருவோம். மண்ண யாரு காசு குடுத்து வாங்குவா? அதே மாதிரி பேசுவோம். உங்க வெலையில எது மண்ணு, எது தாளு, எது பூண்டுன்னு பிரிச்சுச் சொல்லுங்க."

வண்டி விலையை இப்படிப் பேசுவதை இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்டதில்லை. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் அதோடு நிறுத்தியிருக்கலாம், பிரித்துச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டேன்.

"மொதல்ல உங்க கூலியச் சொல்லுங்க," என்றாள்.

"என் கூலியா?"

"இந்த வண்டி வித்தா உங்களுக்கு ஏதோ நிக்கும்ல. அத மொதல்லயே தள்ளி வச்சிருவோம். பேசப் பேச அது தேஞ்சிரக் கூடாது."

ஐயாயிரம் என்றேன். பூண்டிலிருந்து ஒரு பல்லைப் பிய்த்து மேஜையின் ஓரத்தில் தனியாக வைத்தாள். வாடிக்கையாளர் யாரும் என்னிடம் இதைக் கேட்டதே இல்லை. என் கமிஷனைக் குறி வைத்துப் பிடுங்கியவர்கள் உண்டு, எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தவர் இல்லை. அந்தப் பல்லின்மேல் படாமல் காகிதங்களை நகர்த்தி வைத்தேன்.

அப்புறம் அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். இன்சூரன்சை இங்கேயேதான் போட வேண்டுமா என்றாள். கட்டாயம் இல்லை என்று ஒத்துக்கொண்டேன். கொடைக்கானலில் தெரிந்தவர் குறைவாகப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம், பணத்தைப் பூண்டு எடுத்த பிறகு கொடுத்தால் போதுமாம். சீட் கவர், மேட், பாட்டு கேட்கும் பெட்டி எல்லாம் தாள். "பூண்டு ஏத்துற வண்டிக்குப் பாட்டு எதுக்கு? நான் பாடிக்கிறேன்," என்றாள். வாசலில் நின்ற சோலைமுத்து முதல் தடவையாகச் சிரித்தார். ஹேண்ட்லிங் சார்ஜ் என்றால் என்ன என்று கேட்டாள். வண்டியைக் குடோனிலிருந்து இங்கே கொண்டுவந்து கழுவி நிறுத்தும் செலவு என்றேன். "உங்க கடைக்கு நீங்க சரக்குக் கொண்டு வர்றதுக்கு நான் குடுக்கணுமா? இதுதாண்ணே மண்ணு," என்றாள். அந்த வரியைச் சுழித்து, மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கடைசியில் யார்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "ஜனவரி பொறந்தா இந்த வண்டி பழைய பூண்டு. குழம்புல போட்டா ருசி அதேதான். ஆனா விக்கப் போனா விலை எறங்கிப் போகும். அந்த எறக்கத்த யாரு தாங்கணும்? நான் மட்டுமா?"

சரியான கேள்வி. வருஷக் கடைசிக்கென்று கம்பெனி ஒரு தள்ளுபடி தந்திருந்தது. யாரும் வராத மாதத்தில் கொடுக்கும் தள்ளுபடி என்பதால் அதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. சொன்னேன். ஆனால் டிசம்பர் முடிவதற்குள் பில் போட்டு வண்டி வெளியே போனால்தான் அது கிடைக்கும்.

அதைக் கேட்டதும் சோலைமுத்து உள்ளே வந்துவிட்டார். "அது ஆகாது ஆத்தா. பேசி வச்சிட்டுப் போவோம்னுதான் நான் வந்தேன். மார்கழியில புது வண்டி நம்ம வாசலுக்கு வரக் கூடாது. ஊரே வாயில போட்டு மெல்லும்."

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். பெரியவர் ஒருத்தர் சாமி விஷயத்தில் கால் ஊன்றிவிட்டால் எந்த விற்பனைக்காரனும் அசைக்க முடியாது. அவள் மாமனாரோடு வாதாடுவாள், சண்டை வரும், இருவரும் எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"நம்ம வாசலுக்கு வர வேணாம் மாமா," என்றாள் நிதானமாக. "வருசா வருசம் இங்க பழனியில பாதயாத்திரைக்காரங்க அன்னதானக் கொட்டகைக்கு நம்ம ஊருல காய் ஏத்தி விடுவோம்ல? அதுக்கும் மண்டிக்காரருதான வாடகை வாங்குறாரு? இந்த வருசம் இந்த வண்டியில வரட்டும். தை பொறக்குற வரைக்கும் வண்டி முருகனோடது. ராத்திரியில ஊரு எல்லையில கோயில்கிட்ட நிக்கட்டும். தை ஒண்ணாந்தேதி நம்ம வாசலுக்குக் கொண்டுட்டுப் போவோம். சாமி காரியத்துக்கு மார்கழி ஆகாதுன்னு யாரு சொல்லுவா?"

பெரியவர் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, "அப்ப மொத நடை கேரட்டு ஏத்துவோம். கோசு வேணாம், கொட்டகையில நெறையக் கெடக்கும்," என்றார். விளங்காது என்று சொல்லிவைத்த அந்த எவனோ ஒருவனை இத்தனை வருஷமாக நான் வாயால் மட்டுமே திட்டிக்கொண்டிருந்தேன். அவனை ஓரமாக நகர்த்தி வைக்க இவளுக்கு ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது.

எல்லாவற்றையும் கழித்துக் கூட்டிப் பார்த்தால், அவளுடைய பத்தரைக்கு மேல் இன்னும் ஐயாயிரம் நின்றது. ஹேண்ட்லிங் சார்ஜில் பாதியைத்தான் குமரகுரு விட்டுக்கொடுத்தார். மீதியைத் தொட முடியாது என்று கண்ணாடி அறைக்குள் இருந்தபடியே கையை விரித்துவிட்டார். நான் ஓரத்தில் இருந்த பூண்டுப் பல்லைப் பார்த்தேன். இப்படி ஒருத்திக்காக ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. "என்னோடதக் கழிச்சுக்கோங்கம்மா. இந்த மாசம் எப்படியும் எனக்கு ஒண்ணும் வரப்போறதில்ல," என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"பூண்டு பிடுங்குற கூலிகூடக் குடுக்க முடியாத விலைக்கு எங்க பூண்டக் கேக்குறவங்கள நான் வாய்க்கு வந்தபடி ஏசுறவ. இப்ப உங்க கூலியக் கழிச்சு வண்டிய என் வாசல்ல கொண்டுபோயி நிறுத்துனா, நான் யார ஏசுறது? மண்ணத்தான் கழிக்கச் சொன்னேன். வேல செஞ்சவுக கூலிய இல்ல."

எழுந்துவிட்டாள். பல்லை மேஜையிலேயே விட்டுவிட்டு, "வாங்க மாமா, ஒரு டீ குடிச்சிட்டு வெரசா பஸ்ஸப் பிடிப்போம். ஒட்டன்சத்திரத்துலயும் ஷோரூம் இருக்கு," என்றபடி வெளியே போனாள். எதிர்க் கடையில் இரண்டு பேரும் டீ வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவள் எங்கள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அது நடிப்பும் இல்லை, எனக்கு நடிப்பு தெரியும். விலை ஒத்துவராவிட்டால் பஸ் ஏறியே விடுவாள்.

நான் குமரகுருவிடம் போனேன். "சார், அந்தம்மா போயிட்டா யார்டுல அந்த வண்டி ஜனவரியப் பாக்கும்," என்றேன். அவர் கண்ணாடி வழியாக டீக்கடையைப் பார்த்தார், யார்டைப் பார்த்தார், என்னை முறைத்தார். பிறகு பெருமூச்சோடு எழுந்து, தானே சாலையைக் கடந்து போனார். அவர் இறங்கிப் போய் ஒரு வாடிக்கையாளரைக் கூட்டி வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மீதி ஹேண்ட்லிங் சார்ஜையும் கழித்து, பத்தரை லட்சத்துக்கு வண்டி பில் ஆனது. என் ஐயாயிரம் அப்படியே நின்றது. அந்த மார்கழியில் நான் வீட்டுக்குக் கடனில்லாமல் அரிசி வாங்கினேன்.

வண்டி இரண்டு நாளில் பதிவாகி, தை பிறக்கும்வரை அன்னதானக் கொட்டகைக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் இறக்கியது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அதைப் பார்ப்பேன். நான் விற்ற எந்த வண்டியையும் அப்படி நின்று பார்த்ததில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. சத்தியபிரியாதான். பின்னால் சந்தை இரைச்சல் கேட்டது. அந்த வருஷம் முதலில் எடுத்த பூண்டை வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குக் கொண்டு போயிருக்கிறாள்.

"மண்டிக்காரரும் இங்கதாண்ணே வந்திருந்தாரு. போன வருசத்து விலையச் சொன்னாரு. மண்ணுக்கு, தாளுக்குக் கழிச்சுக்கோங்க, கூலிக்குக் கழிக்காதீங்கன்னேன். சிரிச்சாரு. சரின்னு எறக்குன மூட்டையத் திரும்ப ஏத்தச் சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"சந்தை வாசல் தாண்டல. உங்க மேனேஜரு மாதிரியே பின்னாலேயே நடந்து வந்தாரு."