வேலி நில்லாத காணி

கிளைன்ஃபெல்டேயில் வேலி நிற்பதில்லை. பின்னேரம் நட்டால், விடியக் கட்டைகள் களஞ்சியச் சுவரோரம் அடுக்கியிருக்கும், கம்பி சுருட்டியிருக்கும், ஆணிகள் ஒரு ஜாம் போத்தலுக்குள் கிடக்கும். ஓர் ஆணியாவது களவு போனதாக ஊரில் எவரும் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் நிலம் படு நேர்மை.

இதற்குக் காரணம் கிழக்கு ஜெர்மனியின் பழைய கம்யூனிஸ்ட் அரசாங்கம். எதையும் ஆறப்போட்டுச் செய்கிற ஆட்கள் அல்லர் அவர்கள். ஓடர் ஆற்றங்கரையில் இரும்பாலை எழுந்த வேகத்தில் பைன் மரங்களுக்கு ஒதுங்க நேரம் கிடைக்கவில்லை. இரண்டு மரங்கள் பட்டறைக்குள்ளேயே நின்று புகையைக் குடித்து வளர்ந்தன, அவற்றுக்கும் தொழிலாளர் அட்டை கொடுத்தார்கள். ஆலைக்குப் போனவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே! 1960 வசந்தத்தில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஊருக்குள் வந்தன. நிலத்தைப் பொதுவில் சேர்க்கக் கையெழுத்து வைக்காத விவசாயியின் வாசலில் நாள் முழுக்கப் பாட்டுப் போட்டார்கள். கடைசி ஆளும் கையெழுத்து வைத்ததும் வரப்புகளை உழுது தள்ளி, ஊரையே ஒரு வயலாக்கி, கூட்டுப் பண்ணை என்றார்கள். நிலம் முதலில் முரண்டு பிடித்தது, பிறகு பழகிவிட்டது. முப்பது வருடத்தில் அந்த அரசாங்கமும் போய், அந்த நாடும் போய், காணிகள் திரும்பப் பிரிக்கப்பட்டன. நிலத்திடம்தான் அதை ஒருவரும் சொல்லவில்லை. ஊர்க்காரர் சிலகாலம் வேலி நட்டுப் பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

தேவமலருக்கு இதெல்லாம் தெரியாது. மேற்கு ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ஆஸ்பத்திரிக் குசினி ஒன்றில் சமையல் வேலை செய்து, காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்து, ஓய்வு பெற்றவர் அவர். தனக்கென்று ஒரு துண்டு மண் வேண்டும் என்ற ஆசை அவருக்குப் பசி மாதிரி. கணவர் மகேந்திரராஜாவின் தங்கை பிரபாலினியும் பங்குக்கு வந்தார். அகதி முகாமில் ஒரே அறையில், ஒரே சட்டியில் சமைத்துத் தொடங்கிய சிநேகிதம் அது. புருஷன் செத்தபிறகு பிரபாலினிக்கு வேறு ஆளில்லை; உண்மையைச் சொன்னால், மனம்விட்டுக் கதைக்கத் தேவமலருக்கும் வேறு ஆளில்லை. கிளைன்ஃபெல்டேயில் ஒரே கூரையின் கீழ் நடுச்சுவர் வைத்த இரட்டை வீடும், பின்னால் காணியும் வாங்கி, ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள்.

யாழ்ப்பாணத்து மனிதர் காணி வாங்கினால் முதல் வேலை வேலிதான். தேவமலர் பக்கத்தில் நின்று கட்டை நடுவித்தார். விடிய வேலியைக் காணவில்லை. வேலியைப் பிடுங்கினால் பிடுங்கியவர் அடுத்த காணிக்காரர்தான் என்பது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. எதிர்ப்பக்கம் பிரபாலினியும் அதே அறிவோடு நின்றுகொண்டிருந்தார்.

“வேலி வேண்டாமெண்டால் வாயாலை சொல்லியிருக்கலாமே, மச்சாள்?” என்று தேவமலர் கேட்டார்.

“நானோ? ஒரு அடி தள்ளி நடுறதுக்கு நீங்கள் பிடுங்கிப்போட்டு என்னைச் சொல்லுறியளோ!”

அன்றோடு பேச்சு நின்றது. அடுத்தடுத்து நட்ட இரண்டு வேலிகளும் போயின. தேவமலர் தன் பாதியில் நட்ட மிளகாயில் அரைவாசி பிரபாலினியின் பாதியில் காய்த்தது. பிரபாலினியின் கத்தரி இங்கே காய்த்தது. தேவமலர் வாசலில் நின்று ஊர் கேட்கக் “கள்ளி” என்றார். கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய அயல்வீட்டு விங்க்லர் விஷயத்தை விளக்கப் பார்த்தார். வேலியைப் பற்றி ஜெர்மன்காரருக்கு என்ன தெரியும் என்று இருவரும் தனித்தனியே அவரை அனுப்பிவிட்டார்கள்.

ஆவணியில் பிரபாலினி தன் பாதியில் ‘விற்பனைக்கு’ என்று ஒரு பலகை நட்டார். பீலெஃபெல்ட் நகரத்தில் யாரோ தூரத்து உறவுக்காரரோடு போய் இருக்கப் போகிறாராம். தேவமலர் மச்சாளின் வாசல்வரை போனார். ஆனால் ரோஷம் விடுமா? போகமுன் கையும் மெய்யுமாகப் பிடிக்கிறேன் என்று நடு மத்தியானத்தில் நாலாவது வேலியை நடுவித்து, கதிரை போட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்தார்.

அப்போதுதான் முதற்கட்டை மண்ணைவிட்டு எழும்பி, அடியை உதறிக்கொண்டு, களஞ்சியத்தை நோக்கி நடந்தது. பின்னால் மற்றவையும் வரிசை குலையாமல் நடந்தன. உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பிரபாலினியும் வாய் பிளந்து பார்த்தார். எல்லாவற்றுக்கும் கடைசியாக அந்த விற்பனைப் பலகையும் எழும்பிப் பின்னாலேயே போனது.

தேவமலருக்கு அழுகை வந்துவிட்டது. தன் பாதியைக் கடந்து போய் மச்சாளின் கையைப் பிடித்தார்.

“கள்ளி எண்டு சொன்ன வாய்க்கு நெருப்புத்தான் வைக்கவேணும். போகாதையும், மச்சாள். நீர் போனால் நான் ஆரோடை கதைக்கிறது?”

பிரபாலினி கையை மெல்ல விடுவித்து, ஈரச் சேலையைப் பிழிந்தார். பிழிந்து முடிய, “உலை வைச்சாச்சோ?” என்று கேட்டார்.

“இல்லை.”

“அப்ப எனக்கும் சேர்த்துப் போடுங்கோ. உப்பை நான் பாக்கிறன். உங்கடை கைக்கு உப்பு அளவே தெரியாது.”

அடுத்த கிழமை, இரண்டு குசினிக்கும் நடுவிலிருந்த சுவர் எழும்பிப் போனது. மகேந்திரராஜா தூசியைக் கூட்டி அள்ளிவிட்டு, மேசையை நடுவில் இழுத்துப்போட்டு மூன்று கதிரை வைத்தார்.