முப்பத்து மூன்று பெசோ காபி

நர்சிசாவின் பெட்டிக்கடையில் எல்லாம் சில்லறையாகத்தான் போகும்: ஒரு முட்டை, ஒரு காபித்தூள் பாக்கெட், ஒரு கரண்டி எண்ணெய். புருஷன் போய்ச் சேர்ந்தபின், பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் அவளும் ஒரு மின்விசிறியும்தான். மகள் தெல்மா ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்கிறாள். ஞாயிறு மட்டும் விடுமுறை.

முன்பெல்லாம் "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்" என்பதோடு போன் அணைந்துவிடும். ஒருநாள், விலை போடத் தெரியவில்லை என்று நர்சிசா சும்மா புலம்பினாள். தெல்மா ஒரு மணி நேரம் பேசினாள்! அன்றோடு இந்தப் புத்திசாலிக்குக் கணக்கு மறந்துபோனது. பின்னே, தனிமையில் கிடப்பவள் வேறென்ன செய்வாள்?

இந்த ஞாயிறும் காலையிலேயே வீடியோ காலில் பாடம் தொடங்கியது.

"பத்து காபி எம்பது பெசோ. ஒண்ணோட அடக்கம்?"

"எட்டு."

"நூத்துக்கு இருபத்தஞ்சு லாபம் வச்சா?"

"எட்டும் இருபத்தஞ்சும்... முப்பத்துமூணு!"

"அடக் கடவுளே! அந்த விலைக்குக் காபி வாங்க எவன் வருவான்? எட்டுல கால்வாசி ரெண்டு. பத்து பெசோம்மா!" தெல்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னோட மல்லுக்கட்ட முடியாது. விலை போடுற மெஷின் ஒண்ணு அனுப்பியிருக்கேன். இனி ஞாயித்துக்கிழமை நான் நிம்மதியா தூங்கலாம்."

நர்சிசா போனில் தெரிந்த மகளையே பார்த்தாள். இனி இந்தக் குரலும் இல்லையா?

அந்த நேரம் பார்த்து ஆட்டோக்காரன் கனோர் கம்பியைத் தட்டினான். "அக்கா, நாலு முட்டை, ரெண்டு காபி. முதல் போணி, பாத்துப் போடு!"

முதல் போணியைக் காக்கவைத்தால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும். அவள் வாய் தானாகத் திறந்தது.

"அம்பத்தாறு ஆகுது. அடக்கமே நாப்பத்தாறு. போணிக்காக அம்பது குடு, நாலு பெசோவாவது எனக்கு நிக்கட்டும். அதுக்குக் கீழ இறங்க மாட்டேன்!"

நூறு பெசோ வாங்கி, மீதியைக் கொடுத்து, ராசிக்காக அந்த நோட்டைச் சரக்குகள் மேலெல்லாம் தட்டினாள். அப்புறம்தான் போன் நினைவுக்கு வந்தது.

தெல்மா சிரிக்கவில்லை. "எத்தனை நாளாம்மா இந்த நாடகம்?"

"கணக்குன்னாதானேடி நீ பேசற," என்ற நர்சிசாவுக்கு அழுகை முட்டியது. "வேற என்னத்தக் கேட்டாலும் போனை வச்சுடுவ."

தெல்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது.

"எனக்கு மட்டும் இங்க தூக்கமா வருது? மெஷின் வந்தா கனோர்கிட்ட குடுத்துடு. உனக்கு முட்டைக் கணக்கு வராதுல்ல? கேளு."

நர்சிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முப்பது முட்டை இருநூத்தி இருபத்தஞ்சு பெசோடி. ஒண்ணு என்ன விலை ஆகும்?"