நாற்பத்தொன்றரை கிலோ

“உங்க மெஷின்ல ஏதோ கோளாறு இருக்கும்மா,” என்றாள் டீச்சர், எடை இயந்திரத்தின் மேல் வெறுங்காலோடு நின்றபடியே.

நர்ஸ் ஏட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “நாப்பத்தொண்ணரை. இறங்குங்கம்மா.”

“இறங்கறேன். அந்த நம்பரை மட்டும் எழுதிடாதீங்க. காலையில வீட்டுல பாத்துட்டுதான் கிளம்பினேன். நாப்பத்தாறரை. பஸ்ல வர்ற வழியிலயா அஞ்சு கிலோவைத் தவற விட்டேன்?”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வீட்டு மெஷினெல்லாம் முன்னப் பின்னதான்மா இருக்கும்.”

“எங்க வீட்டுது இருக்காது. இதோ, ஃபைலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, எங்க வீட்டுக்காரர், இவருக்குத் தொழிலே தராசு ரிப்பேர்தான். கடைத்தெருவுல போய் ‘கிராம்’ யாருன்னு கேட்டுப் பாருங்க. என்னங்க, மரமாட்டம் நிக்கிறீங்களே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க இவங்களுக்கு.”

கிராம் நகரவில்லை.

அந்தப் பட்டம் அவருக்குச் சும்மா வரவில்லை. “அண்ணே, கிலோவுக்கு இருபது கிராம் மட்டும் நம்ம பக்கம் சாயுற மாதிரி பண்ணிக் குடுங்களேன்” என்று எந்தக் கடைக்காரர் காதைக் கடித்தாலும், “தராசுக்கு உன் பக்கம், அவன் பக்கம்னு கிடையாதுப்பா. ஒரு கிராம்கூட நகராது. வேற ஆளைப் பாரு” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாற்பது வருஷமாக அப்படித்தான்.

டீச்சருக்கு வயிற்றில் புற்றுநோய். ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. இன்று நாலாவது. மூன்றாவது முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: “தினமும் காலையில எடை பாருங்க. இப்ப நாப்பத்தேழு இருக்கீங்க. ரெண்டு கிலோ குறைஞ்சா எனக்கு உடனே போன் வரணும். அடுத்த தேதி வரட்டும்னு காத்திருக்காதீங்க.”

சமையலறைச் சுவரில் ஒரு அட்டை ஒட்டி, தினமும் தன் கையாலேயே எழுதினாள் டீச்சர். முப்பது வருஷம் கரும்பலகையில் கணக்கு எழுதிய கை. எண்கள் குண்டு குண்டாக இருக்கும். ஆறாம் நாள் நாற்பத்தைந்தரை என்று எழுதிவிட்டு, முட்டை வைத்திருந்த தட்டைத் தள்ளினாள்.

“எடுத்துட்டுப் போங்க. வாந்தியை அடக்கி அடக்கித் தின்னும் ஒண்ணரை கிலோ போயிருக்கு. தின்னாலும் போகும், தின்னலேன்னாலும் போகும்னா நான் எதுக்கு இந்தப் பாடு படணும்?”

“ஒரு வாய், ம்மா.”

“அரை வாய்கூட வேண்டாம்.”

இரண்டு நாள் தண்ணீர் மட்டும்தான். எட்டாம் நாள் மத்தியானம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது, கிராம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பழைய முள் வைத்த எடை இயந்திரத்தைக் கவிழ்த்தார். எங்கே திருகினால் என்ன ஆகும் என்று அவருக்கா தெரியாது? யாரும் ஏறாதபோது முள் ஒழுங்காகப் பூஜ்யத்தில் நின்றது. ஆள் ஏறினால்தான் பொய் சொன்னது. மறுநாள் காலையில் டீச்சர் ஏறினாள்.

“என்னங்க, இங்க வாங்களேன். நாப்பத்தாறு. நேத்தைக்கு மேல ஏறியிருக்கு, பாருங்க.”

“பாத்தேன், பாத்தேன்.”

“அந்த முட்டையைக் கொண்டாங்க.”

சாப்பிட்டாள். பால் குடித்தாள், பழம் கேட்டாள். சாப்பிட்டதில் பாதி வெளியே வந்தது; ஆனாலும் கேட்டாள். சாப்பிடுகிறாள் அல்லவா, நாலு நாளில் உண்மையான எடையும் ஏறிவிடும், அப்போது ஓசைப்படாமல் திருகைப் பழையபடி வைத்துவிடலாம் என்று கிராம் நினைத்திருந்தார். ஏறவில்லை. அவர் இன்னும் இரண்டு தடவை திருக வேண்டியிருந்தது. முள் காட்டியதிலிருந்து தான் ஏற்றியதைக் கழித்துப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தார். அடுக்களையிலிருந்து அவள் ஏதாவது பாட்டை முனகுவது கேட்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிடுவார்.

“பாருங்கய்யா, சீக்கிரம். பின்னால ஆறு பேர் நிக்கிறாங்க,” என்றாள் நர்ஸ்.

கிராம் ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டு மண்டியிட்டார். தரை மட்டமாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினார். நாலு காலையும் அழுத்திப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நின்றார். அறுபத்தெட்டு. முந்தாநாள் பட்டறையில் நின்றபோதும் அறுபத்தெட்டுதான்.

கொஞ்சம் கம்மியாகத்தான் காட்டுகிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லை அவள் நம்புவாள். நர்ஸும் நம்பினாலும் நம்பிவிடுவாள். மருந்து இன்றைக்கே ஏறிவிடும். நாற்பத்தாறரை கிலோ உடம்புக்கான மருந்து, அந்த உடம்புக்குள்.

“இது சரியா இருக்கு,” என்றார்.

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்ப நம்ம வீட்டுது?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு செருப்பை மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

“நம்மளதுதான் தப்பு. நான் கை வெச்சேன்.”

டீச்சர் அவரையே பார்த்தாள். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பினாள். “எழுதிக்கோங்கம்மா. நாப்பத்தொண்ணரை.”

டாக்டரம்மா ஏட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். “இன்னிக்கு மருந்து ஏத்த முடியாது. இந்த உடம்பு தாங்காது. ரெண்டு கிலோ போனப்பவே கூப்பிட்டிருந்தா, மூக்கு வழியா குழாய் போட்டுச் சத்து ஏத்தியிருக்கலாம். இப்ப அட்மிட் ஆகுங்க. முதல்ல உடம்பைத் தேத்தணும்.”

“அப்புறம் மருந்து எப்போ?”

“இப்ப சொல்ல முடியாதும்மா.”

“அதுவரைக்கும் உள்ள இருக்கிறது சும்மா இருக்குமா?”

“இருக்கும்னு என்னால சொல்ல முடியல.”

வார்டில் ஜன்னலோரக் கட்டில். குழாய் போட ஆள் வருவதற்குக் காத்திருந்தார்கள்.

“எத்தனை நாளா?” என்றாள்.

“பதிமூணு நாளா.”

“பதிமூணு. அத்தனை கடைக்காரங்க கேட்டும் அசையாத மனுஷன். நான் கேக்கக்கூட இல்லையே.”

“நீ சாப்பிட்டே.”

“சாப்பிட்டேன். இல்லேங்கல.” போர்வையின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள். “பக்கத்துப் பையனைப் பாத்து விடை எழுதாதேன்னு முப்பது வருஷம் கத்தினவ நான். எனக்கே ஒருத்தர் விடையை மாத்தி எழுதி வெச்சிருக்கார். என் தங்கச்சிக்குப் போன் போட்டு, ஏறுதுடி, ஏறுதுடின்னு சொன்னேனே. அப்பவும் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?”

“இருந்தேன்.”

“என்ன பண்ணிக்கிட்டு?”

“உனக்குப் பழம் உரிச்சுக்கிட்டு.”

அவள் வாய் சிரிக்கப் போவதுபோல் கோணியது, சிரிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே சொன்னாள். “வீட்டுக்குப் போய் என் துணிமணி, கண்ணாடி எல்லாம் எடுத்துட்டு வாங்க. அந்த மெஷினைச் சரி பண்ணிட்டு வாங்க. வந்து ஏறுவேன் நான்.”

வீட்டுக்குள் மூன்று மணி வெயில் விழுந்திருந்தது. கிராம் பட்டறைப் பெட்டியிலிருந்து முத்திரை குத்திய எடைக்கற்களைக் குளியலறைக்குச் சுமந்தார். இயந்திரத்தைக் கவிழ்த்துத் திருகைப் பின்னுக்குத் திருப்பினார். நிமிர்த்தி, இருபது கிலோக் கல் ஒன்றை வைத்தார். பக்கத்தில் இன்னொன்று. அதன்மேல் ஒரு கிலோ, அதன்மேல் அரை. முள் நாற்பத்தொன்றரையில் ஆடாமல் நின்றது.

முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரு பக்கெட்டுக்குள் அடங்கிவிடும்.

போன் அடித்தது.

“சரி பண்ணியாச்சா?” குழாய் போட்டுவிட்டார்கள்போல, குரல் மூக்கடைத்து வந்தது.

“ஆச்சு.”

“எப்படிப் பாத்தீங்க?”

“கல்லு வெச்சுப் பாத்தேன்.”

“எத்தனை கல்லு?”

“நாலு.”

“நாலுதானா நான்?”

அவர் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கேக்குதா?”

“கேக்குது, ம்மா.”

“சுவத்துல இருக்கிற அட்டையையும் எடுத்துட்டு வாங்க. பொய்யையெல்லாம் அடிச்சுட்டு நெசத்தை எழுதணும். உங்களுக்கு ஞாபகம் இருக்குமே.”

“இருக்கு.”

“பதிமூணு நாளும்?”

“பதிமூணு நாளும்.”

அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“அப்புறம், அந்தப் பழைய நைட்டியெல்லாம் எடுத்துட்டு வராதீங்க,” என்றாள். “தோள்ல நிக்காது.”